மூடி வைத்துவிட்டுப் போன பால்

ஆழ்வார்தோப்பு, திருச்சி.
வெள்ளிக்கிழமை.

என் மச்சான் சர்ஃபராஸுக்கு, உங்க வஹீதாவோட ஸலாம். அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்க எல்லாரும் நலம்னு எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரலை. நஸ்ருல்லா நல்லா இருக்கான், அல்ஹம்துலில்லாஹ். கழுத்து நின்னுடுச்சு. யாராவது தும்மினா அவங்களை முறைச்சுப் பார்க்கிறான், அப்படியே உங்க பார்வை. மாமிக்கு முட்டிவலி, ஆனா வாய்க்கு ஒரு வலியும் இல்லை. உங்க தங்கச்சி ஸஹ்ராதான் பிரசவத்துக்கு வந்ததுல இருந்து உடம்பு தேறாம கிடக்குறா. உங்களுக்குப் பெங்களூர் குளிர் ஒத்துக்குதா, கடைச் சாப்பாடு வயித்தைக் கெடுக்குதா, எதுவுமே சொல்ல மாட்டேங்கிறீங்க.

இந்தக் காலத்துல எவ கடிதம் எழுதுவான்னு சிரிப்பீங்க. வேற என்ன பண்றது? போன்ல இந்தப் பேச்சை எடுத்தாலே கடையில ஆள் வந்துட்டாங்கன்னு கட் பண்ணிடுறீங்க. வாய்ஸ் அனுப்பினா கேட்கிறதே இல்லை. மெசேஜா எழுதி அனுப்பலாம்னா பாதி நாள் என் போன் மாமி கையில இருக்கு, அங்க உங்க ரூம்ல நாலு பேர் எட்டிப் பார்ப்பாங்க. கடிதத்தைக் கட் பண்ண முடியாது. பாத்ரூம்ல உட்கார்ந்தாவது கடைசி வரைக்கும் படிங்க. படிச்சுட்டுக் கிழிச்சுப் போட்டுடுங்க.

ஸஹ்ராவோட சேதி இதுதான். ஆபரேஷன் பண்ணின தையல்ல சீழ் வெச்சுக் காய்ச்சல் விட்டு விட்டு வருது. பால் ஊறலை. குழந்தைக்கு அல்ஷிஃபான்னு பேர் வெச்சாச்சு, ஆனா பேரைத் தூக்குற பலம் கூட அதுக்கு இல்லை. கையில எடுத்தா கோழிக்குஞ்சு மாதிரி இருக்கு. டின் பால் குடுத்தா கக்குது. தில்லை நகர் டாக்டரம்மா, காய்ச்சல் இறங்கினா பால் தானா வரும், அதுவரைக்கும் மார்ல போட்டுக்கிட்டே இருங்க, பவுடர் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்கன்னுதான் சொன்னாங்க. மாமிக்கு அதெல்லாம் காதுல ஏறலை. பொறுமைன்னா என்ன விலைன்னு கேட்பாங்க உங்க அம்மா.

அவங்க கண்ணு என் மேல விழுந்துடுச்சு மச்சான். எனக்குப் பால் குறையே இல்லை, ரவிக்கை நனைஞ்சு போகுது. முந்தாநாள் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தேன், மாமி அல்ஷிஃபாவைக் கொண்டுவந்து என் மடியில போட்டுட்டாங்க. ஒரு பக்கம் உன் புள்ளைக்கு, ஒரு பக்கம் என் பேத்திக்கு, அல்லாஹ் ரெண்டு குடுத்திருக்கானே எதுக்குன்னாங்க. அது வாயைத் திறந்து என் சேலையைத் தேடுச்சு. சட்டுனு தூக்கி மாமி கையிலேயே குடுத்துட்டேன்.

அந்தப் பேரைச் சொன்னாலே மூஞ்சியைத் திருப்பிக்குவீங்க. அதனால எழுதுறேன். எச்.ஐ.வி. பாருங்க, பேனா ஒண்ணும் உடைஞ்சு போகலை. நமக்கு அது இருக்கு. வயித்துல நஸ்ருல்லா இருக்கும்போது எனக்கு எடுத்த ரத்தத்துல தெரிஞ்சுது, அப்புறம் உங்களுக்கும் தெரிஞ்சுது. பெரியாஸ்பத்திரியில ஆலோசனை சொல்ற கவுன்சிலர் ஆனந்தவள்ளி அக்கா அன்னைக்கே தெளிவாச் சொன்னாங்க. நான் மாத்திரையை விடாமப் போட்டா என் புள்ளைக்கு நானே பால் குடுக்கலாம், ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான், பச்சைத் தண்ணி கூடக் கூடாது, டின் பாலையும் தாய்ப்பாலையும் கலந்து குடுக்கிறதுதான் ரொம்ப ஆபத்து. கலந்து குடுத்தா பிஞ்சுக் குடல் புண்ணாகி அது வழியா கிருமி உள்ளே போகுமாம். அதனாலதான் கிரைப் வாட்டர், உரை மருந்துன்னு மாமி எதைக் கொண்டுவந்தாலும் நான் பத்ரகாளியா நிக்கிறேன். இதுவரைக்கும் எடுத்த டெஸ்ட்டுல அவனுக்கு ஒண்ணும் இல்லை. ஆனா அடுத்தவ புள்ளைக்கு நான் பால் குடுக்கக் கூடாது. அதையும் அக்காகிட்ட கேட்டுட்டேன்.

மாமிகிட்ட என்னன்னு சொல்றது? வாயில வந்ததைச் சொன்னேன். நம்ம புள்ளைக்கு அல்ஷிஃபாவைக் கட்டலாம்னு நெனச்சிருக்கேன் மாமி, என் பாலைக் குடிச்சா ரெண்டும் பால்குடி அண்ணன் தங்கச்சி ஆயிடுமே, அப்புறம் எப்படி நிக்காஹ் பண்றதுன்னு கேட்டேன். மாமி மூஞ்சியைப் பார்க்கணுமே! ஆயிரம் வாட்ஸ் பல்பு. வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டேன் மச்சான். சாயங்காலத்துக்குள்ள வையம்பட்டிக்குப் போன் போட்டு மாப்பிள்ளை கலீல்கிட்டேயே சொல்லிட்டாங்க. ஸஹ்ரா புருஷன் உங்ககூடப் படிச்சவர்ங்கிறதால அவருக்கும் ஏக சந்தோஷம். சம்பந்தி, சம்பந்தின்னு என்னைக் கூப்பிட்டுச் சிரிக்கிறார். எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வருது.

அந்தப் பொய்யும் ஒரு நாள்தான் தாங்குச்சு. மாமி பள்ளிவாசல் ஹஜ்ரத்கிட்ட ஆள் விட்டுக் கேட்டுட்டாங்க. பசியில வாடுற குழந்தைக்குப் பால் குடுக்கிறது நன்மைதான், இந்தப் புள்ளை இல்லைன்னா அடுத்த புள்ளைக்குச் சம்பந்தம் பேசிக்கலாமேன்னு அவர் சொல்லிட்டாராம். இன்னைக்குக் காலையில ஸஹ்ராவே கேட்டுட்டா. என் புள்ளை உங்களுக்கு அவ்வளவு ஆகாததாப் போச்சா அண்ணின்னு கேட்டுட்டு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து எனக்குப் பூ வெச்சு விட்டவ அவ. என் மனசு என்ன பாடு பட்டிருக்கும்னு உங்களுக்குத் தெரியாது.

ஊருக்குக் கிளம்பும்போது நஸ்ருல்லா தலையில என் கையை வெச்சு, யார்கிட்டேயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டுப் போனீங்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறேன் நான். மாத்திரை டப்பா சத்தம் போடக் கூடாதுன்னு பஞ்சு அடைச்சு வெச்சிருக்கேன். தைராய்டு மாத்திரைன்னு சொல்லி வெச்சிருக்கேன். எனக்காக ஒண்ணும் கேட்கலை. ஸஹ்ராகிட்ட மட்டும் சொல்ல விடுங்க. அவ ஒருத்திக்கிட்ட. மாமி தொந்தரவை அவளே நிறுத்திடுவா.

உங்க மாத்திரை இந்நேரம் தீர்ந்திருக்கணும். பெங்களூர்லேயே வாங்கிக்க மாத்தித் தர்றோம்னு அக்கா சொல்றாங்க. வாங்கினீங்களா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களை அல்லாஹ் காப்பாத்தட்டும், அவன் காப்பாத்துறதுக்கு நீங்களும் வாயைத் திறக்கணும்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
வஹீதா.


ஆழ்வார்தோப்பு, திருச்சி.
வியாழக்கிழமை.

மச்சானுக்கு ஸலாம்.

கடிதம் கிடைச்சதுன்னு திங்கட்கிழமை ராத்திரி தெரிஞ்சுது. மாமிகிட்ட அரை மணி நேரம் பேசினீங்க. என்கிட்ட போன் வந்ததும், இதையெல்லாம் எதுக்கு எழுதுற, தபால்காரன் பிரிச்சுப் படிச்சா என்ன ஆகும், யார்கிட்டேயும் மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லிட்டு வெச்சுட்டீங்க. புள்ளை எப்படி இருக்கான்னு கூடக் கேட்கலை.

நான் மூச்சு விட்டுட்டேன் மச்சான். சத்தியத்தை மீறிட்டேன். ஏன்னு முழுசாப் படிச்சுட்டு அப்புறம் திட்டுங்க.

செவ்வாய்க்கிழமை எனக்கு மாத்திரை வாங்குற நாள். எப்பவும் நஸ்ருல்லாவைத் தூக்கிக்கிட்டுத்தான் போவேன். அன்னைக்கு அவனுக்கு மூக்கு ஒழுகுச்சு, மழை வேற தூறிக்கிட்டு இருந்துச்சு. ஆஸ்பத்திரிக் கூட்டத்துல கொண்டுபோய் வேற எதையாவது வாங்கிக்கிட்டு வரணுமான்னு வீட்டுல விட்டேன். வெளியே போகணும்னா பாலைப் பீய்ச்சி வெச்சுட்டுப் போகலாம்னு அக்கா சொல்லிக் குடுத்திருந்தாங்க. சுடுதண்ணியில டம்ளரைக் கழுவி, பீய்ச்சி, தட்டு போட்டு மூடி, பக்கத்துல புகட்டுறதுக்குப் பாலாடையும் வெச்சேன். அவன் அழுதா இதை மட்டும் குடுங்க மாமி, வேற ஒண்ணும் வேணாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். தலையை ஆட்டினாங்க.

மத்தியானம் லுஹர் பாங்கு சொல்லி முடிஞ்சப்புறம் வீட்டுக்கு வந்தேன். வீடே அமைதியா இருந்துச்சு. நஸ்ருல்லா விளையாடிக்கிட்டு இருந்தான். தூக்கி முத்தம் குடுத்தேன், வாயில டின் பால் வாசம் அடிச்சுது. மாமி சமையல்கட்டுல இருந்து கையைத் துடைச்சுக்கிட்டு வந்து, அப்படி ஒரு பெருமையாச் சொன்னாங்க. உன் புள்ளை பூசணிக்காய் மாதிரி இருக்கான், ஒரு வேளை டின் பால் குடிச்சா இளைச்சுடுவானா? உன் பாலை இந்தப் பச்சை மண்ணுக்குக் குடுத்தேன், ஒரு சொட்டு மிச்சம் வைக்கலை, கக்கவும் இல்லை, பாரு எப்படித் தூங்குதுன்னு.

நீங்க சொல்லுங்க, அவங்க பண்ணினது தப்பா? நோஞ்சானுக்கு நல்ல பால், கொழுத்தவனுக்கு டின் பால். எந்தத் தாயும் அப்படித்தான் நெனைப்பா. அவங்க கணக்கு நியாயமான கணக்கு. அவங்களுக்குத் தெரியாதது ஒண்ணே ஒண்ணு, அதை அவங்ககிட்ட இருந்து மறைச்சது நீங்களும் நானும். எந்தப் புள்ளைக்கு எது ஆகாதோ அது அதுக்கே போய்ச் சேர்ந்துடுச்சு.

பாத்ரூமுக்குள்ள போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டு ஆனந்தவள்ளி அக்காவுக்குப் போன் பண்ணினேன். தேம்பித் தேம்பி அழுதேன். அக்கா முதல்ல அழுது முடிம்மான்னாங்க. அப்புறம் சொன்னாங்க: உன் ரத்தத்துல கிருமி அளவு கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைஞ்சிருக்கு, ஒரு தடவை குடிச்சதுல பயம் ரொம்பக் குறைவு. ஆனா இல்லவே இல்லைன்னு சொல்ல மாட்டேன். தாயையும் புள்ளையையும் உடனே கூட்டிட்டு வா, கிருமி தொத்தாம இருக்கச் சொட்டு மருந்து சீக்கிரம் ஆரம்பிக்கணும், நாள் தள்ளிப் போச்சுன்னா மருந்தால பிரயோஜனம் இல்லைன்னாங்க. நஸ்ருல்லாவுக்கு ஒரு வேளை போனது போகட்டும், இனிமே நடக்காமப் பார்த்துக்கோ, பாலை நிறுத்தாதேன்னாங்க.

பெத்தவளுக்குத் தெரியாம அவ புள்ளையை நான் எப்படி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறது? தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன. தையலுக்குக் கட்டு மாத்துறேன்னு சொல்லி ரூம் கதவைச் சாத்தினேன். மருந்து போட்டுக்கிட்டே ஸஹ்ராகிட்ட சொன்னேன். முதல்ல சிரிச்சா, ஏதோ கதை விடுறேன்னு நெனச்சுட்டா. அப்புறம் என் மூஞ்சியைப் பார்த்தா. அவ வயித்து மேல இருந்த என் கையைப் பார்த்தா. கையை எடுங்கன்னா. எடுத்துட்டேன். அந்த ஒரு வார்த்தையில என் ஜீவன் பாதி போச்சு.

அண்ணனுக்குன்னு கேட்டா. இருக்குன்னேன். யார்கிட்ட இருந்து யாருக்குன்னு கேட்டா. எனக்குத் தெரியாது ஸஹ்ரான்னு சொன்னேன். எங்க அண்ணன் அப்படிப்பட்டவன் இல்லைன்னா. அதுக்கு மேல அவ சொல்லலை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. நான் எப்படிப்பட்டவள்னு அவ பார்வையே சொல்லிடுச்சு. பொறுத்துக்கிட்டேன். எனக்கு அப்ப என் மானம் முக்கியமாப் படலை, அந்தக் குழந்தைக்கு மருந்து போகணும், அவ்வளவுதான்.

ஆனா அவ அசையலை மச்சான். அல்ஷிஃபாவை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, எனக்கு ஒண்ணும் கேட்க வேணாம், கலீல் வரட்டும், போங்கன்னு ஒரே பிடிவாதம். சாயங்காலம் வரைக்கும் பார்த்தேன். கலீல் வந்து, கேட்டு, கத்தி, ஊரைக் கூட்டி முடிக்கிறதுக்குள்ள மருந்து குடுக்குற காலம் போயிடுமே. அல்லாஹ்வைத் தவிர வேற யார் காலிலும் விழக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். விழுந்துட்டேன். அவ காலைப் பிடிச்சுக்கிட்டு, என்னை அடி, என்னை ஊர் பூரா நாறடி, நாளைக்குக் காலையில மட்டும் என்கூட வான்னு கெஞ்சினேன். ரப்பு என்னை மன்னிப்பான்.

காலையில அவளே எழுந்து தலை சீவிக்கிட்டு நின்னா. பிரசவமாகி நாற்பது குளிக்காத பொம்பளை பச்சைப் புள்ளையோட வாசப்படி தாண்டுறதான்னு மாமி குதிச்சாங்க. தையல்ல ரத்தம் வருது, பெரியாஸ்பத்திரியில காட்டியே ஆகணும்னு ஸஹ்ரா சொல்லிட்டா. எனக்கு முன்னாடி அவ பொய் சொன்னா. ஆட்டோவுல ஓரமா உட்கார்ந்து குழந்தையை முந்தானையால மூடிக்கிட்டே வந்தா. வாசல்ல ஆனந்தவள்ளி அக்கா குடை பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. குதிகால்ல குத்தி ரத்தம் எடுத்தாங்க, அதுக்கு அழக்கூட சத்து இல்லை, பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். டாக்டர் அங்கேயே முதல் சொட்டு குடுத்தார். இப்ப எடுத்த டெஸ்ட் ஒரு கணக்குக்குத்தானாம், பாலால ஏதாவது வந்துச்சான்னு வாரங்கள் கழிச்சு எடுக்கிறதுலதான் தெரியுமாம். அதுவரைக்கும் சொட்டு மருந்தை விடாமக் குடுக்கணும்.

ஸஹ்ரா அக்காகிட்ட, என் தையலுக்கு இவங்கதானே மருந்து போட்டாங்க, ஒரே தட்டுல சாப்பிட்டோமேன்னு கேட்டா. அதெல்லாம் ஒண்ணும் வராதும்மான்னு அக்கா பொறுமையா விளக்கினாங்க. நான் வெளியே பெஞ்சுல உட்கார்ந்து அவங்க பேசுறதைக் கேட்டுக்கிட்டு இருந்தேன். என்னைப் பத்தி என் முன்னாடியே வேற யாரோ மாதிரி கேட்கிறா. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?

இவ்வளவும் நடந்து முடிஞ்சுடுச்சு. இனிமே சொல்லாதேன்னு போன் பண்ணாதீங்க, அந்தக் கட்டம் தாண்டியாச்சு. அல்ஷிஃபாவுக்காக துஆ செய்யுங்க. நீங்க தூக்கிப் பார்க்காத மருமக அது.

வஹீதா.


ஆழ்வார்தோப்பு, திருச்சி.
திங்கட்கிழமை.

மச்சானுக்கு,

வஅலைக்கும் ஸலாம்னு நீங்க எழுதி ஒரு கடிதம் வராதான்னு தபால்காரர் சைக்கிளைப் பார்த்துக்கிட்டே இருக்கேன். இப்ப போனும் இல்லை. சுவிட்ச் ஆஃப்னு வருது. கடைக்கு மாமி பேசினப்போ லோடு இறக்கப் போயிருக்கான்னு சொன்னாங்களாம். நீங்க உயிரோட இருக்கீங்கன்னு அதுல தெரிஞ்சுக்கிட்டேன்.

ஸஹ்ராவுக்குக் காய்ச்சல் இறங்கிடுச்சு, பாலும் வந்துடுச்சு. டாக்டரம்மா சொன்ன மாதிரியேதான் வந்துச்சு. மாமி இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருந்தா இந்த வினையே இல்லை. ஆனா மாமி தெரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியுறாங்க, என் சமயோசிதத்தாலதான் பேத்தி பொழைச்சா, மருமக பாலைக் குடுத்தேன், அன்னைக்கு இருந்துதான் முகம் தெளிஞ்சுதுன்னு. அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டு, ஒரு டம்ளர் பாலுல சம்பந்தம் போச்சேன்னு வருத்தப்படுறாங்க. அதைக் கேட்டுக்கிட்டு ஸஹ்ராவும் நானும் ஆளுக்கு ஒரு மூலையில வெங்காயம் உரிக்கிறோம். கண்ணுல தண்ணி வந்தா யாரும் கேட்க மாட்டாங்க.

சொட்டு மருந்தை வைட்டமின்னு சொல்லிக் குடுக்கிறா. ஒரு வீட்டுல ரெண்டு பொம்பளைங்க, ஆளுக்கு ஒரு மருந்து பாட்டிலை ஒளிச்சு வெச்சுக்கிட்டு அலையுறோம். இன்னும் என்கிட்ட சரியாப் பேசலை. ஆனா நேத்து சாயங்காலம் முகம் கழுவப் போகும்போது அல்ஷிஃபாவை என்கிட்ட குடுத்துட்டுப் போனா. குடுக்கும்போது என் மூஞ்சியைப் பார்க்கலை. இருந்தாலும் குடுத்தா.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நாற்பது முடிஞ்சதும் கலீல் வந்து ரெண்டு பேரையும் வையம்பட்டிக்குக் கூட்டிட்டுப் போகப் போறார். மருந்து தொடரணும், டெஸ்ட்டுக்கு மறுபடி மறுபடி திருச்சிக்கு வரணும். அங்க கூட்டுக் குடும்பம், ஒரு பாட்டிலை எத்தனை நாள் வைட்டமின்னு சொல்ல முடியும்? தெரிஞ்சா எங்க வீட்டுப் புள்ளைக்கு என்ன கேடு வந்துச்சுன்னு மருந்தைத் தூக்கி எறிஞ்சாலும் எறிவாங்க. இல்லைன்னா கேட்பாங்கன்னு பயந்து இவளே நிறுத்திடுவா. எப்படிப் பார்த்தாலும் அந்தக் குழந்தைக்குத்தான் கேடு. கலீலுக்குத் தெரிஞ்சே ஆகணும்னு ஸஹ்ரா சொல்லிட்டா. என் புருஷன்கிட்ட நான் எங்க அண்ணன் மாதிரி மறைச்சு வாழ மாட்டேன்னா. அவ சொன்னதைத்தான் எழுதுறேன், என் வார்த்தை இல்லை.

நீங்க வந்து கலீல்கிட்ட சொல்லணும். அப்புறம் மாமிகிட்ட. வேற யாருக்கும் வேணாம்.

நானே சொல்லலாமேன்னு கேட்பீங்க. யோசிச்சுப் பாருங்க மச்சான். உங்க வாயால வந்தா அது ஒரு நோய், மாத்திரை சாப்பிட்டா அடங்கும். என் வாயால வந்தா அது என் நடத்தை. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. வஹீதா எங்கிருந்தோ கொண்டுவந்து புருஷனுக்கும் குடுத்து, நாத்தனார் புள்ளைக்கும் பாலுல ஊத்திக் குடுத்துட்டான்னு சொல்லுவாங்க. மாமி அந்த டம்ளரைத் தன் கையாலதான் எடுத்தோம்னு நெனச்சு உடைஞ்சு போவாங்க, இல்லைன்னா என் மேல மண்ணை வாரித் தூத்துவாங்க. நஸ்ருல்லாவை என்கிட்ட இருந்து பிடுங்கிட்டு எடமலைப்பட்டி புதூர்ல எங்க அம்மா வீட்டு வாசல்ல என்னை விட்டுட்டு வருவாங்க. எங்க அம்மா தாங்குமா?

இன்னொண்ணு. இதை எழுதக் கூடாதுன்னு எவ்வளவோ நாள் அடக்கி வெச்சிருந்தேன். நம்ம நிக்காஹுக்கு முன்னாடி குவைத் விசாவுக்கு ரத்தமெல்லாம் எடுத்துப் பார்க்கிற மெடிக்கலுக்குப் போனப்போ உங்களைத் தேறலைன்னு தள்ளிட்டாங்க. நெஞ்சுல பழைய சளித் தழும்புன்னு எல்லார்கிட்டேயும் சொன்னீங்க, என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போ எங்க அம்மாகிட்டேயும் அதையேதான் சொன்னீங்க. அந்த மெடிக்கல்ல உண்மையா என்ன சொன்னாங்கன்னு நான் இதுவரைக்கும் கேட்டதில்லை. ஸஹ்ரா கேட்டப்போவும் தெரியாதுன்னுதான் சொன்னேன். இனிமேலும் கேட்க மாட்டேன், அல்லாஹ் மேல ஆணை. உங்களைக் கூண்டுல நிறுத்த நான் கூப்பிடலை. நீங்க எதையும் எனக்கு விளக்கிச் சொல்ல வேணாம். வந்தா போதும்.

மாத்திரையை விட்டிருந்தாலும் பரவாயில்லை, வந்து மறுபடி ஆரம்பிக்கலாம், யாரும் திட்ட மாட்டாங்கன்னு ஆனந்தவள்ளி அக்கா சொல்லச் சொன்னாங்க. உங்களைக் காணாம நான் இவ்வளவு பயந்துக்கிட்டு இருக்கேன்னு சொன்னா நம்புவீங்களா? கோபம் மலை மாதிரி இருக்கு. அதுக்கு மேல பயம் இருக்கு. நீங்க ஒரு ரூம்ல காய்ச்சல்ல சுருண்டு கிடக்கிற மாதிரியே கண்ணுல தெரியுது. நஸ்ருல்லாவுக்கு நீங்க வேணும் மச்சான். எனக்கும் வேணும், வெட்கத்தை விட்டுச் சொல்றேன்.

இன்னைக்குக் காலையில அல்ஷிஃபாவுக்குச் சொட்டு மருந்து ஊத்திக்கிட்டே ஸஹ்ரா என்னைப் பார்க்காமலே கேட்டா, கலீல் வர்றதுக்குள்ள அண்ணன் வருவானான்னு.

வருவார்னு சொல்லிட்டேன்.

இந்த வீட்டுல நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கேன், எல்லாம் உங்களுக்காகச் சொன்னது. இது ஒண்ணையாவது பொய்யாக்கிடாதீங்க. அல்லாஹ் உங்க காலுக்குப் பலத்தைக் குடுத்து இந்த வாசல்ல கொண்டுவந்து சேர்க்கட்டும். ஆமீன்.

உங்க,
வஹீதா.